யாருக்காகக் கட்டியிருக்கீங்க? குலசை தசராவில் சில முகங்கள்

ஏழாம் திருநாள், உடன்குடி

குலசை தசராவுக்குக் கேமராவோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் பத்தாம் நாள் மத்தியானம் வந்து, நள்ளிரவில் கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது கூட்டம். எனக்கு வேண்டியது முகம். முகம் வேண்டுமென்றால் கோயிலுக்குப் போவதற்கு முன்னால் சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் போக வேண்டும். அதனால்தான் இந்த முறை முன்கூட்டியே வந்து உடன்குடியில் அறை எடுத்தேன். இனி ஒவ்வொரு நாள் ராத்திரியும் அன்றன்றைக்குப் பார்த்ததை எழுதிவிடலாம் என்று இருக்கிறேன்.

குலசை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரம் இருக்கிறது குலசேகரன்பட்டினம். அங்கே முத்தாரம்மனும் ஞானமூர்த்தீஸ்வரரும் ஒரே பீடத்தில் அருகருகே இருக்கிறார்கள். நவராத்திரியின் முதல் நாள் கொடி ஏறும். அதற்கப்புறம் பக்தர்கள் மணிக்கட்டில் காப்புக் கட்டிக்கொண்டு, நேர்ந்துகொண்ட வேஷத்தைப் போட்டுக்கொண்டு, வீடு வீடாகவும் கடை கடையாகவும் அம்மன் பேரில் தர்மம் எடுப்பார்கள். சேர்ந்த காசு கோயில் உண்டியலுக்குப் போகும். காளி, சிவன், முருகன், அனுமன், ராஜா, குறவன், குறத்தி, போலீஸ், கரடி, குரங்கு, பிச்சைக்காரர் என்று எந்த வேஷமும் போடலாம். எது என்பதை அவரவர் நேர்ச்சை தீர்மானிக்கும். காளி கட்டுகிறவர்களுக்குத்தான் விரதம் கடுமை. 48 நாள் விரதம் இருந்து, தானே பொங்கிச் சாப்பிட்டு, ஊரில் இதற்கென்றே கட்டிய தசராக் குடிலில் தங்குகிறவர்கள் உண்டு.

அப்படி ஒரு குடிலுக்குத்தான் இன்று காலையில் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பனைகளுக்கு நடுவே ஓலைக் குடில், அதற்கு முன்னால் சாமியானா பந்தல், பந்தலில் தசராக் குழுவின் பேனர், ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு. குழுவின் மூத்தவர் என்னைப் பார்த்ததும் "எங்கேருந்து வாரிய?" என்றார். மதுரை என்றேன். "சாப்பிட்டியளா?" என்றார். இட்லி வந்த பிறகுதான் கேமரா பற்றிய பேச்சு வந்தது. "குடிலுக்குள்ள பொம்பளையாளு வாரதில்ல தாயி. பந்தல்ல எங்கன வேணாலும் நின்னு எடுத்துக்கிடுங்க. காளி கட்டுதவரு சரின்னா எனக்கும் சரி."

பந்தல்தான் எனக்கும் வசதி. சாமியானாவின் சிவப்பும் மஞ்சளும் முகத்தில் ஏறாத இடமாகப் பார்த்து, வடக்கு ஓரத்தில் இரண்டு பனைகளுக்கு நடுவே ஒரு நாலு முழ வெள்ளை வேட்டியைக் கட்டினேன். பின்னால் ஒன்றும் இல்லையென்றால் பார்க்கிறவருக்கு முகத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. வேட்டியின் வெள்ளையை வைத்துக் கேமராவின் நிறத்தைச் சரிசெய்துகொள்ளலாம். நீலம் பூசிய முகத்தை வைத்துக் கேமராவே நிறத்தை முடிவு செய்தால், நீலத்தைக் குறைக்கப் பார்த்து மொத்தப் படத்தையும் மஞ்சளாக்கிவிடும்.

காளி கட்டுகிறவர் ஒரு கொத்தனார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பாயில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தார். முகத்தில் முதலில் தேங்காய் எண்ணெய், அதன் மேல் நீலம், கண்ணைச் சுற்றிச் சிவப்பு, நெற்றியில் மூன்றாவது கண். எழுதிய பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் அவர் மூச்சை நிறுத்தி நிறுத்தி விட்டார். முகம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அப்புறம் சடைமுடி, பின்னால் கட்டும் கைகள், கடைசியாகக் கிரீடம். கிரீடத்தின் கயிறு தாடைக்கு அடியில் இறுகும்போது கழுத்து தானாக நிமிர்கிறது. மனிதர் ஒரு விரற்கடை உயர்ந்ததுபோல் இருந்தது. சுற்றி நின்றவர்கள் அந்த நிமிடத்திலிருந்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். "அம்மா, தண்ணி வேணுமா?" என்றுதான் கேட்டார்கள்.

கிரீடம் ஏறுவதற்கு முன்பே வேட்டிக்கு முன்னால் அவரை ஒரு முறை உட்காரச் சொல்லியிருந்தேன். ஆதார் அட்டைக்கு உட்கார்ந்தவர்போல விறைப்பாக இருந்தார். "சிரிங்க", "இயல்பா இருங்க" என்று சொன்னால் முகம் இன்னும் இறுகிவிடும். அதனால் கேட்டேன்: "யாருக்காகக் கட்டியிருக்கீங்க அண்ணாச்சி?"

"மூத்தவளுக்கு" என்றார். சின்ன வயதில் அவளுக்கு அடிக்கடி வலிப்பு வரும். ஒரு ராத்திரி தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது வழியிலேயே நேர்ந்துகொண்டார். இப்போது சுகமாக இருக்கிறாள். இதைச் சொல்லும்போது பார்வை என்னைத் தாண்டி, தெருவைத் தாண்டி, அவர் வீடு இருக்கும் பக்கம் போனது. சொல்லி முடித்ததும் திரும்பி லென்ஸுக்கு வந்தது. வந்த அந்த நொடியில் அழுத்தினேன்.

பின்திரையில் பார்த்தபோது எனக்கு இந்தப் பயணத்தின் வேலை என்ன என்று தெரிந்துவிட்டது. உட்காருகிற எல்லாரிடமும் இதையே கேட்கப்போகிறேன். படத்தில் இருப்பது ஒரு ஆள்தான். அந்த முகத்தை அப்படி ஆக்கியவர் ஒருவர் படத்துக்கு வெளியே இருக்கிறார்.

இன்று ராத்திரி அம்மன் பூஞ்சப்பரத்தில், ஆனந்த நடராஜர் கோலத்தில் பவனி. நான் போகவில்லை. படங்களைப் பிரித்து வைத்துவிட்டுப் படுக்கப்போகிறேன்.

எட்டாம் திருநாள், தேரிக்காடு

உடன்குடிக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் மண் சிவக்கத் தொடங்கிவிடும். தேரி. காயாமொழிப் பக்கம் போகப்போக குங்குமத்தைக் கொட்டியதுபோல் மேடு மேடாகச் செம்மணலும் பனையும்தான். ஒரு குழு அந்த வழியாக வேனில் போகிறது என்று கேள்விப்பட்டு அவர்களோடு தொற்றிக்கொண்டேன்.

படம் எடுக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: காலை எட்டு, எட்டரைக்குத் தேரியில் ஒருவரை நிழலில் நிறுத்திப் பாருங்கள். வெயில் பட்ட செம்மண்ணிலிருந்து கீழிருந்து மேலே ஒரு வெளிச்சம் எழும்பும். தாடைக்கு அடியிலும் மூக்கின் கீழும் கண் குழியிலும் வழக்கமாக விழும் கருநிழல் அங்கே விழாது. அந்த இடங்களெல்லாம் செம்பு நிறத்தில் ஒளிரும். எந்த ரிஃப்ளெக்டரும் தராத ஒளி அது. ஒன்பதரைக்கு மேல் போய்விடும்.

அந்த ஒளியில் முதலில் உட்கார்ந்தது ஒரு குறத்தி. செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்க்கும் இளைஞர். உட்காருவதற்கு முன் என் பக்கத்தில் வந்து மெல்லிய குரலில், "யக்கா, இந்தக் கொசுவம் நிக்கவே மாட்டேங்கு. பாத்துச் சொல்லுங்களேன்" என்றார். மடிப்பைப் பிரித்து, திரும்ப அடுக்கி, ஒரு ஊக்கு குத்திக் கொடுத்தேன். அந்த இரண்டு நிமிடத்தில் அவருக்கு என்னிடம் இருந்த கூச்சம் போய்விட்டது. ஒரு மாதமாக அம்மாவிடம் சேலை கட்டப் பழகுகிறாராம். நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு நடந்தால்தான் அம்மா இதோடு எப்படி அடுப்படியிலும் கிணற்றடியிலும் நிற்கிறார் என்று தெரிகிறது என்றார்.

யாருக்காக என்று கேட்டேன். "அண்ணனுக்கு. சவூதில மாட்டிக்கிட்டான். சம்பளமும் இல்ல, பாஸ்போர்ட்டும் கையில இல்ல. போன வருசம் அவன் வந்து சேந்தா குறத்தி கட்டுதேன்னு நேந்துக்கிட்டேன். மாசி மாசம் வந்துட்டான்." சொல்லும்போது கையில் இருந்த ஓலைக் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கூடையைப் பிடித்த கையையும் சேர்த்து எடுத்தேன்.

அடுத்து ஒரு போலீஸ். நல்ல இஸ்திரி போட்ட காக்கி, தோளில் நட்சத்திரம். உண்மையில் காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பையன். அப்படியென்றால் நேர்ச்சை அவருக்காகவே இருக்கும் என்று நினைத்துக் கேட்டால், "எங்க அம்மாவுக்காக. நான் போலீஸாவணும்னு நேந்தது அவதான். எனக்கு அவ மனசு கோணக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். அம்மா ஆறுமுகநேரியில் உப்பள வேலைக்குப் போகிறவர்.

வேனில் திரும்பும்போது ஆகஸ்ட் சாண்டரை நினைத்துக்கொண்டே வந்தேன். ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்காரர். தன் நாட்டு மக்களை விவசாயி, தொழிலாளி, கலைஞர் என்று வகை வகையாகப் பிரித்து வாழ்நாள் முழுக்க முகப்படங்கள் எடுத்தார். 60 படங்களோடு அவருடைய புத்தகம் 1929-ல் வந்தது. 1936-ல் நாஜி அரசு அதன் அச்சுத் தகடுகளை அழித்தது. அவர்கள் விரும்பிய ஒரே வார்ப்பு ஜெர்மானிய முகத்துக்குள் அந்தப் படங்களில் இருந்தவர்கள் அடங்கவில்லை. சாண்டர் எடுத்த கேக் கடைக்காரர் படம் ரொம்பப் பிரசித்தம். கையில் பாத்திரத்தோடு நேராகப் பார்ப்பார். அவர் யார் என்பதற்கு அந்தப் பாத்திரமும் உடுப்புமே சாட்சி.

குலசையில் அந்தச் சாட்சிகள் எதுவும் செல்லாது. கையில் இருக்கும் வாளும் கூடையும் லத்தியும் அவர்களுடையவை அல்ல. வேலையும் சம்பளமும் படிப்பும் பத்து நாளைக்கு ஒதுங்கிக்கொள்கின்றன. வங்கியில் வேலை பார்க்கிறவர் ஒருவர் குரங்கு வேஷத்தில் ஒரு ரூபாய்க்குக் கை நீட்டுவதை இன்று பார்த்தேன். வழக்கமாக ஒருவரை அடையாளம் காண நாம் பிடித்துக்கொள்ளும் எல்லாம் போன பிறகும் ஏதோ மிச்சம் இருக்கிறது. அதைத்தான் என் வேட்டிக்கு முன்னால் தேடிக்கொண்டிருக்கிறேன். முகப்படம் என்பதே அதற்குத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒன்பதாம் திருநாள், உடன்குடி பஜார்

இன்று ஆயுத பூஜை. பஜாரில் ஒரு பழைய ஸ்டூடியோ இருக்கிறது. பிரிண்ட் போடக் கேட்கலாம் என்று போனால், உரிமையாளர் தன் கேமராக்களை எல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து மேஜையில் அடுக்கிக்கொண்டிருந்தார். எழுபதைத் தொடுகிற வயது. பெரிய மரக் கேமரா ஒன்று, ஃபிலிம் காலத்து யாஷிகா ஒன்று, இப்போது கல்யாணத்துக்கு எடுத்துப்போகும் டிஜிட்டல் இரண்டு. என் தோளில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "அதையும் வைம்மா. நாளைக்குக் காலைல எடுத்துக்கலாம்" என்றார்.

வைத்தேன். அதனால் இன்று சாயங்காலம் முழுக்க என் கையில் நோட்டு மட்டும்தான்.

ஃபிலிம் காலத்தில் காப்புக் கட்டியவர்கள் வேஷத்தோடு குடும்பமாக ஸ்டூடியோவுக்கு வருவார்களாம். ஒரு ஆளுக்கு ஒரே ஒரு ஃபிலிம்தான். அதனால் எடுக்கிறவரும் உட்காருகிறவரும் சேர்ந்து காத்திருப்பார்கள். "இப்ப எல்லார் கையிலயும் போன் இருக்கு. நூறு எடுக்கான். ஒண்ணுலயும் ஆளு இல்ல" என்றார். இது வயசானவர்களின் வழக்கமான புலம்பல் என்று தள்ள முடியவில்லை. கடைச் சுவரில் அவர் எடுத்த படங்கள் இருக்கின்றன. கறுப்பு வெள்ளையில் ஒரு காளி, பக்கத்தில் முக்காலியில் ஒரு பாட்டி. காளியின் ஒரு கை பாட்டியின் தோளில். காளி வாளைப் பிடித்திருப்பது கட்டிய கைகள் ஒன்றில். தோளில் இருப்பது சொந்தக் கை. அந்தக் கையின் நகங்களில் வண்ணமில்லை, உழைத்த நகங்கள். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேமரா இல்லாததால் பஜாரில் வேஷக்காரர்கள் என்னிடம் வேறு மாதிரி பேசினார்கள். நோட்டில் ஆளுக்கு ஒரு வரி: பெயர், ஊர், வேஷம், யாருக்காக. ராத்திரி திரும்பப் படித்துப் பார்த்தால், தங்கைக்குக் கல்யாணம், மனைவிக்குப் பிரசவம், மகனுக்கு வேலை, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், போட்டில் போனவர் திரும்பி வந்தது. வேஷங்கள் அத்தனை விதம், காரணங்களோ ஒரு கையில் அடங்கும்.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1955-ல் எட்வர்ட் ஸ்டைக்கன் ஒரு பெரிய புகைப்படக் கண்காட்சி வைத்தார். 68 நாடுகளிலிருந்து 503 படங்கள். பிறப்பு, காதல், உழைப்பு, சாவு எல்லாம் உலகத்தில் எல்லாருக்கும் ஒன்றுதான், மனித குலம் ஒரே குடும்பம் என்பது அதன் பேச்சு. உலகம் முழுக்கச் சுற்றிய அந்தக் கண்காட்சி இப்போது லக்சம்பர்க்கில் கிளர்வோ கோட்டையில் நிரந்தரமாக இருக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் அதைக் கடுமையாக விமர்சித்தார். எல்லாரும் பிறக்கிறார்கள், எல்லாரும் சாகிறார்கள் என்று சொல்லிவிட்டால், யார் எந்த நிலைமையில் பிறக்கிறார், எதனால் சாகிறார் என்ற கேள்வி காணாமல் போய்விடும் என்பது அவர் வாதம்.

எனக்கு இரண்டு பக்கமும் வேண்டும். சவூதியில் சிக்கிய அண்ணனுக்காகத் தவிக்கும் தம்பி உலகத்தில் எங்கும் இருப்பார். அவர் முகத்தைப் பார்த்து எந்த ஊர்க்காரரும் அதைப் புரிந்துகொள்வார். ஆனால் அண்ணன் ஏன் சவூதிக்குப் போனார், பாஸ்போர்ட் ஏன் அவர் கையில் இல்லை என்பது இந்தக் கரையின் கதை. அதை விட்டுவிட்டு முகத்தை மட்டும் காட்டினால் அவரைப் பாதிதான் காட்டுகிறேன். அதனால் படத்தோடு அந்த வரியும் போகும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இன்னொன்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இன்று மத்தியானம் ஒரு குழு தர்மம் எடுத்துக்கொண்டே வந்து, ஒரு தெருமுனையில் திரும்பிப் போனது. அந்தத் தெருவுக்குள் ஏன் போகவில்லை என்று கேட்டேன். "அங்க வேற குழு இருக்கு" என்றார்கள். இருக்கலாம். அந்தத் தெருவுக்கு நான் தனியாகப் போனேன். அங்கேயும் குடில் இருந்தது, காளி இருந்தார், விரதம் அதே விரதம். நாளைக்குக் கோயில் வாசலில் வேட்டிக்கு முன்னால் வந்து உட்காரும்படி அவரையும் கேட்டிருக்கிறேன்.

பத்தாம் திருநாள், குலசேகரன்பட்டினம்

பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். மிச்ச தூரம் நடை. தெற்கே மணப்பாடு பக்கமிருந்தும் வடக்கே திருச்செந்தூர்ப் பக்கமிருந்தும் மேற்கே உடன்குடி ரோட்டிலும் வேஷங்கள் வந்துகொண்டே இருந்தன. "ஓம் காளி, ஜெய் காளி!" தாரை தப்பட்டையும் செண்டையும் நெஞ்சுக்குள் இடித்தன.

கோயில் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மூடிய கடையின் சுவரில் வேட்டியைக் கட்டிக்கொள்ள உரிமையாளர் அனுமதி கொடுத்தார். மதியம் ஒரு மணியிலிருந்து சந்தில் நல்ல நிழல், எதிர்ச் சுவரில் வெயில். எதிர்ச் சுவர் சுண்ணாம்பு வெள்ளை. அதிலிருந்து வந்த வெளிச்சம் ஒவ்வொருவர் கண்ணிலும் நீளமாக ஒரு கீற்றாக நின்றது. காளிகளை எடுக்கும்போது கேமரா முகத்தைத் தேடி அடிக்கடி நெற்றிக் கண்ணில் போய் நின்றுவிட்டது. கையால்தான் ஃபோகஸ் செய்தேன். கறுத்த முகத்தைப் பார்த்து அது வெளிச்சத்தையும் கூட்டும். ஒன்றரை ஸ்டாப் வரை குறைத்தால்தான் கிரீடத்தின் ஜிகினா வெளுத்துப்போகாமல் நிற்கிறது.

ஒரு கரடி வந்தார். சணல் நாராலும் சாக்காலும் தைத்த உடம்பு. தலையைக் கழற்றியதும் வேர்வை குடமாகக் கொட்டியது. உள்ளே பதினாறு வயதுப் பையன். யாருக்காக என்றால், "ஆச்சிக்கு" என்றான். ஆச்சி பிழைத்தாரா என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்: "போயிட்டாவ. ஆனா நேந்தத செய்யணும்லா?" கரடித் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எனக்கு இந்தப் பயணத்தின் படம் அதுதான்.

நேற்றைய தெருவின் காளி மூன்று மணிக்கு வந்தார். கொத்தனார் காளியும் அதே நேரத்தில் வந்து சேர்ந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கைகூப்பினார்கள். அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். இரண்டு படத்துக்கும் ஒரே ஒளி, ஒரே வேட்டி, ஒரே தூரம்.

சாயங்காலம் ஆக ஆக, கோயிலுக்கு முன்னால் படம் எடுக்க வந்தவர்களின் கூட்டம் கூடியது. அருள் வந்து ஆடுகிற ஒருவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அகல லென்ஸை நீட்டி நாலைந்து பேர் சூழ்ந்து நின்றார்கள். ஒருவரின் கேமரா அவர் கிரீடத்தில் இடித்தது. இதை நான் வெளிப்படையாகவே சொல்கிறேன்: அது வேண்டாம். அந்த நேரத்தில் சரி என்று சொல்லவோ வேண்டாம் என்று சொல்லவோ அவருக்கு நிலை இல்லை. கேட்டுவிட்டு எடுப்பதில் வேகம் குறையும், சில படங்கள் போகும். போகட்டும். தூரத்தில் நின்று எடுப்பது வேறு, ஒருவர் தன்வசம் இல்லாத நேரத்தில் அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போவது வேறு.

வேட்டியை அவிழ்க்கப் போன நேரத்தில் ஒரு பாட்டி வந்து முக்காலியில் உட்கார்ந்தார். கிழிந்த சேலை, கையில் அலுமினியத் தட்டு, தலையில் சிக்கு. காலையிலிருந்து பிச்சைக்காரர் வேஷம் நிறைய வந்திருந்ததால், நான் வழக்கம்போல் கேட்டுவிட்டேன்: "யாருக்காக பாட்டி?"

"எனக்குத்தான். வேற யாரு இருக்கா?" என்றார்.

காப்பு இல்லாத மணிக்கட்டை அப்போதுதான் பார்த்தேன். அவர் முகம் கோணவில்லை. தட்டைக் காலடியில் வைத்துவிட்டு, முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு நேராகப் பார்த்தார். மற்றவர்களை எடுத்த அதே தூரத்தில் நின்று, அதே அளவு நேரம் எடுத்துக்கொண்டு எடுத்தேன். திரையில் காட்டினேன். "மூக்கு எங்கம்மா மூக்கு" என்றார். தன் ஊர் விளாத்திகுளம் பக்கம் என்றும், அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை என்றும் சொன்னார். பிரிண்ட் போட்டு ஸ்டூடியோவில் வைக்கிறேன், அடுத்த வாரம் உடன்குடி பஜாருக்கு வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். எங்கே இருக்கிறது என்று வழி கேட்டுக்கொண்டார். இன்று ராத்திரி நோட்டில் அவருக்கான வரியையும் எழுதிவிட்டேன். வேஷம் என்ற இடத்தில் ஒரு கோடு.

நள்ளிரவு சூரசம்ஹாரம். அம்மன் சிம்ம வாகனத்தில் மகிஷாசுரமர்த்தினியாகக் கடற்கரைக்கு வர, மகிஷாசுரன் யானை, சிங்கம், எருமை, சேவல் என்று தலையை மாற்றி மாற்றி வந்து விழுந்தான். லட்சக்கணக்கானவர்களின் ஒரே குரல். அதை எடுக்க ஏகப்பட்ட பேர் இருந்தார்கள். நான் கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டுக் கூட்டத்தோடு நின்று கும்பிட்டேன்.

பதினோராம் நாள், உடன்குடி

காப்புக் களைகிற நாள். கடலில் குளித்துவிட்டு வேஷத்தைக் களைந்தவர்கள் சாதாரணச் சட்டையில், காதோரம் நீலம் இன்னும் போகாமல், பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். எனக்கு இன்று எடுக்கிற வேலை இல்லை, கொடுக்கிற வேலை.

ஸ்டூடியோ பெரியவர் காலையிலேயே கடை திறந்துவிட்டார். எட்டுக்கு ஆறில் பிரிண்ட். முதல் படம் வெளியே வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கறுப்பு கொஞ்சம் ஏறிட்டு. கண்ணுக்குக் கீழ ஒண்ணும் தெரியல" என்று சொல்லித் திரும்பப் போட்டார். பாட்டியின் படத்தைத் தனி உறையில் போட்டுத் தன் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார்.

கொத்தனார் வீட்டுக்கு நானே போனேன். நர்சிங் படிக்கும் மூத்த மகள் கதவைத் திறந்தாள். படத்தைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பா என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்காவ?" என்றாள். நான் எடுத்தபோது நடந்ததைச் சொன்னேன். கொத்தனார் எழுந்து காபி போடச் சொல்லிக்கொண்டே அடுப்படிப் பக்கம் போய்விட்டார்.

அவளையும் எடுக்கலாமா என்று கேட்டேன். தலை சீவிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். முற்றத்தில் கொடிக்கயிற்றில் அதே வேட்டியைப் போட்டு, அப்பாவை எடுத்த அதே லென்ஸில், அதே தூரத்தில் எடுத்தேன். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முதல் படம் முழுசாகிறது. அவளுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். "ரெண்டையும் ஒரே சட்டத்துல போட முடியுமா அக்கா?" என்றாள்.

இன்று மதுரைக்குத் திரும்புவதாக இருந்தது. திரும்பவில்லை. நோட்டில் 'யாருக்காக' என்ற இடத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் இந்தச் சுற்று வட்டாரத்தில்தான் இருக்கிறார்கள். சவூதியிலிருந்து வந்த அண்ணன் இப்போது காயல்பட்டினத்தில் ஒரு கடையில் வேலைக்கு இருக்கிறார். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வரச் சொல்லித் தம்பி போனில் சொன்னார். கரடிப் பையனின் ஆச்சி படம் ஒன்று வீட்டுச் சுவரில் மாலையோடு இருக்கிறதாம். அதன் பக்கத்தில் அவனை நிறுத்தி எடுக்க வேண்டும். நாளைக்குக் காலையில் முதலில் ஆறுமுகநேரி. போலீஸ் வேஷக்காரரின் அம்மா ஏழு மணிக்குள் வந்துவிடச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் உப்பளத்துக்குப் போய்விடுவாராம்.